அட்டைல எம்பெக்4னு இருக்கு, ஆனா எம்பி4 ஓடல: புது டிவிடி பிளேயர்ல நான் போட்டுப் பாத்ததெல்லாம்

பழைய பிளேயர்ல லென்ஸ் போயிடுச்சு. அக்கா கல்யாணம் 2003ல, ஸ்டுடியோக்காரர் மூணு விசிடியா போட்டுக் குடுத்தாரு, தம்பி கல்யாணம் பென்டிரைவ்ல இருக்கு, அம்மாவுக்கு ரெண்டையும் ஹால்ல இருக்க பெரிய டிவில பாக்கணும், அதனால யூஎஸ்பி வச்ச டிவிடி பிளேயர் ஒண்ணு 2,400 ரூபாக்கு வாங்குனேன். கம்பெனி பேர் வேணாம். கடைல "எல்லா ஃபார்மட்டும் ஓடும் சார்"னு சொல்லித்தான் குடுத்தாங்க, அட்டைலயும் எம்பெக்4னு பெருசா போட்டிருந்துச்சு. வீட்டுக்கு வந்து தம்பி கல்யாணத்தப் போட்டா லிஸ்ட்ல பேரு வருது, ப்ளே அமுக்குனா ரெண்டு செகண்ட் யோசிச்சுட்டு சப்போர்ட் இல்லனு சொல்லிட்டு திரும்ப லிஸ்டுக்கே வந்துடுது. அம்மா நாற்காலிய டிவி முன்னாடி இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க, எனக்கு மனசே ஆறல.

அதனால மூணு நாள் உக்காந்து ஒவ்வொரு ஃபைலா போட்டுப் பாத்தேன். முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க, ஏவிஐ, எம்பி4, எம்கேவி இதெல்லாம் வெறும் டப்பா, உள்ள என்ன கோடெக்ல, அதாவது வீடியோவ சுருக்கி வைக்கிற எந்த முறைல, இருக்குங்கறதுதான் விஷயம். அட்டைல போட்டிருக்க எம்பெக்4ங்கறது டிவ்எக்ஸ், எக்ஸ்விட்ங்கற பழைய கோடெக் வகை, நம்ம ஃபோன்ல, கேமரால வர்ற எம்பி4க்குள்ள இருக்கறது பெரும்பாலும் எச்.264, அது 2003ல வந்த வேற கோடெக், எம்பெக்4 குடும்பம்தான் ஆனா வேற பாகம். இந்த பிளேயர்ல இருக்க சிப்புக்கு அத பிரிக்கவே தெரியாது. அதுக்கும் அடுத்து வந்த எச்.265 பத்தி கேக்கவே வேணாம். நிறைய பேர் பண்ற மாதிரி நானும் பேர மட்டும் ஏவிஐனு மாத்திப் பாத்தேன், பிரயோஜனம் இல்ல. எம்கேவி ஃபைல் லிஸ்ட்லயே வரல.

விசிடி மூணும் அருமையா ஓடுச்சு, இதுக்கு முழு மார்க். முதல் டிஸ்க்ல நல்லா கீறல் விழுந்திருக்கு, கம்ப்யூட்டர் டிரைவ் பாதிலயே நின்னுடும், இது தாலி கட்டுற இடத்துல கொஞ்சம் கட்டம் கட்டமா உடைஞ்சாலும் நிக்காம தாண்டிப் போயிடுச்சு, கெட்டிமேளச் சத்தம் முழுசா கேட்டுச்சு. படம் வெறும் 352க்கு 288தான், பெரிய டிவில மங்கலாத்தான் தெரியும், அதுக்கு பிளேயர குத்தம் சொல்ல முடியாது. விசிடில வீடியோ இருக்க .dat ஃபைல பென்டிரைவ்ல காப்பி பண்ணா லிஸ்ட்ல வரல, பேர எம்பிஜினு மாத்துனதும் வந்துடுச்சு, ஏன்னா உள்ள இருக்கறது விசிடியோட எம்பெக்1 கோடெக்தான். டிவிடில இருந்து எடுத்த .vob ஃபைலும் ஓடுது.

எக்ஸ்விட் ஏவிஐல மொத்தம் ஆறு போட்டேன். நாலு சுத்தமா ஓடுச்சு. ஒண்ணுல ஆளுங்க நகரும்போதெல்லாம் படம் இழுத்துக்கிட்டு நெளிஞ்சுச்சு, பாத்தா அது ஜிஎம்சிங்கற எக்ஸ்விட் கூடுதல் வசதிய போட்டு என்கோட் பண்ணது, க்யூபெல்ங்கற இன்னொரு வசதி போட்டதும் இப்படித்தான் பல பிளேயர்ல தகராறு பண்ணும். இன்னொண்ணுல படம் இருக்கு சத்தம் இல்ல, ஆடியோ டிடிஎஸ் ஃபார்மட்ல இருந்துச்சு. எம்பி3, ஏசி3 ஆடியோவுக்குப் பிரச்சனையே இல்ல. அகலம் 720க்கு மேல போனா ரெசல்யூஷன் ஒத்துவரலனு சொல்லிடும், எச்டி ஃபைலெல்லாம் அங்கயே அவுட். எச்டிஎம்ஐ வயர் குடுத்திருக்காங்களேனு ஏமாந்துடாதீங்க, அது டிவிக்குப் போற வழி மட்டும்தான்.

சப்டைட்டில் இருக்க எஸ்ஆர்டி ஃபைல வீடியோ பேர்லயே வச்சா இங்கிலீஷ் வருது, தமிழ் யூனிகோட் குப்பையா வருது. அப்பாவுக்கு காது கொஞ்சம் மந்தம், தமிழ் எழுத்து வந்திருந்தா அவரும் கூட உக்காந்து பாத்திருப்பாரு, இது எனக்கு ரொம்ப வருத்தம்.

பென்டிரைவும் கவனிக்கணும். என்னோட 64 ஜிபி டிரைவ் எக்ஸ்ஃபேட்ங்கற ஃபார்மட்ல இருந்துச்சு, சொருகுனா ஒண்ணுமே காட்டல, என்டிஎஃப்எஸ்சும் அப்படித்தான். ஃபேட்32 தான் வேணும், ஆனா 32 ஜிபிக்கு மேல இருந்தா விண்டோஸ் ஃபார்மட் மெனுல அந்த ஆப்ஷனே வராது, அதனால பேசாம ஒரு 16 ஜிபி எடுத்துக்கங்க. ஃபேட்32ல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கங்க, முழு கல்யாணத்தையும் ஒரே ஃபைலா வச்சிருக்கவங்க வெட்டித்தான் ஆகணும்.

தம்பி கல்யாணத்த கடைசில எஃப்எஃப்எம்பெக்ங்கற கன்வர்ட்டர் சாஃப்ட்வேர் வச்சு ஏவிஐயா மாத்துனேன். ஹேண்ட்பிரேக்ங்கற இன்னொரு கன்வர்ட்டர் வேணாம், அது 2009லயே ஏவிஐய விட்டுடுச்சு. வீடியோவுக்கு எம்பெக்4, டேக் எக்ஸ்விட், அளவு 720க்கு 404, பிட்ரேட் 2000 கேபிபிஎஸ், ஆடியோ எம்பி3. மூணு மணி நேர வீடியோ 3 ஜிபிகிட்ட வந்துச்சு, ஒரு இடத்துல கூட திக்காம ஓடுது, பட்டுப்புடவை ஜரிகை மட்டும் ஒரிஜினல் அளவுக்கு பளிச்னு இல்ல.

பழைய விசிடி, டிவிடி நிறைய இருக்குன்னா தாராளமா வாங்கலாம், அந்த வேலைய நல்லா செய்யுது. ஃபோன் வீடியோ, டவுன்லோட் பண்ணது பாக்கத்தான்னா இதுக்குக் காசு போடாதீங்க, உங்க டிவி யூஎஸ்பிலயே முதல்ல சொருகிப் பாருங்க, எங்க டிவில எச்.264 நேராவே ஓடுச்சு. கடைக்குப் போறவங்க உங்க வீட்டு ஃபைல் நாலஞ்சு ஃபேட்32 பென்டிரைவ்ல கொண்டு போய் அங்கயே போட்டுக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா வேற கடை பாருங்க. நான் இப்ப மிச்ச ரெண்டு விசிடிய டிஸ்க் கெட்டுப் போறதுக்குள்ள காப்பி எடுத்துட்டிருக்கேன், ரெண்டாவது 60 சதவீதத்துல இருக்கு.