மூன்றாம் கட்சியா, சுயேச்சையா?

அமெரிக்க அதிபர் தேர்தலில் இரு பெரிய கட்சிகளிலும் மனம் ஒட்டாதவர்களுக்கு இந்தக் குழப்பம் வருகிறது.

வாக்குச்சீட்டில் இடம்
கட்சி: பல மாநிலங்களில், போதிய வாக்கு பெற்றால் அடுத்த முறையும் இடம் நிலைக்கும்.
சுயேச்சை: மாநிலம் மாநிலமாகப் புதிதாகக் கையெழுத்து திரட்ட வேண்டும்.

வாக்கு ஈர்ப்பு
தொழிலதிபர் ராஸ் பெரோ இரண்டு வழியிலும் அதிபர் தேர்தலில் நின்றவர்.
சுயேச்சையாக, 1992: சுமார் 19 சதவீதம்.
சீர்திருத்தக் கட்சி சார்பில், 1996: சுமார் 8 சதவீதம்.
இரண்டு முறையும் தேர்வாளர் வாக்கு (மாநிலவாரியாகக் கிடைத்து, அதிபர் யார் என்பதை முடிவுசெய்யும் வாக்கு) ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1992இல் அவருக்கு வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 1.97 கோடிப் பேர்! இந்த அநீதி என்னை இன்றும் உறுத்துகிறது.

வாக்குப் பிரியும் அபாயம்
இருவருக்கும் ஒன்றே.

ஒரு பிரச்சினையை இந்தத் தேர்தலிலேயே உரக்கப் பேசவைக்க, சுயேச்சை. கொள்கை பத்தாண்டுகள் வேரூன்ற வேண்டுமென்றால், தயங்காமல் கட்சி.