மூன்று விரல் வீடியோ: பழைய சிந்தசைசர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ரோலண்ட் ஜூனோ-106 என்ற பழைய சிந்தசைசர், அதாவது மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கும் கீபோர்டு, விற்பனைக்கு இருக்கிறது என்று ஒரு வீடியோ உங்களுக்கும் வரலாம். ஒன்பது நிமிடம் ஓடும். துடைத்துப் பளபளவென்று வைத்த கருப்புப் பெட்டி, மங்கலான மஞ்சள் வெளிச்சம், நிதானமாக நகரும் கை. கேட்கச் சுகமாகவே இருக்கும். சுகத்தை விட்டுவிட்டு, கட்டைகளின் மேல் ஒரே நேரத்தில் எத்தனை விரல்கள் படுகின்றன என்று மட்டும் எண்ணுங்கள். நான் எண்ணாமல் விட்டதற்குக் கொடுத்த விலை 1,40,000 ரூபாய்.

நான் சென்னையில் பதினெட்டு ஆண்டுகளாக ரெக்கார்டிங்குகளுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். சாலிகிராமம், வடபழனி, கோடம்பாக்கம் என்று இந்த மூன்று ஊர்களுக்குள்ளேயே என் பிழைப்பு. இப்போதெல்லாம் எந்த வாத்தியத்தின் ஒலியும் மடிக்கணினிக்குள் கிடைக்கிறது. அதனால் வெறும் கீபோர்டு வாசிக்க என்னை யாரும் கூப்பிடுவதில்லை. என்னிடம் 1970களின் ரோட்ஸ் மின்பியானோ ஒன்று இருக்கிறது. கிட்டத்தட்ட அறுபது கிலோ. அதைத் தூக்க இரண்டு ஆள், ஏற்ற ஒரு வண்டி. அதையும் இன்னும் சில பழைய பெட்டிகளையும் கொண்டுவந்து வைத்து வாசிப்பவன் என்பதால்தான் கூப்பிடுகிறார்கள். ஆகவே பெட்டி பழுதானால் ஆளுக்கும் வேலை இல்லை.

ஜூனோவைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984இல் வந்த அனலாக் வாத்தியம், ஆறு வாய்ஸ். அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள் ஒலிக்கும். ஒவ்வொரு வாய்ஸுக்கும் 80017ஏ என்று ஒரு சிப். ஒலியை வடிகட்டுவதும் அதன் அளவைக் கூட்டிக் குறைப்பதும் அதுதான். அந்தச் சிப்பின் மேல் கருப்பாக ஒரு பிசின் பூச்சு இருக்கும். நாளாக ஆக அந்தப் பூச்சே மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். முதலில் கரகரப்பு வரும், பிறகு விட்டுவிட்டு ஒலிக்கும், கடைசியில் ஊமையாகிவிடும். இந்த வாத்தியத்தைத் தொட்டவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் ஏமாந்தேன்.

விற்றவரும் கீபோர்டு வாசிப்பவர். பக்கத்து மாநிலத்தில் இருக்கிறார், நன்றாகத் தமிழ் பேசுவார். பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் நண்பர் சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. முதல் போனிலேயே "அண்ணா, 80017ஏ பற்றித்தானே கேட்கப் போகிறீர்கள்? ஆறையும் மாற்றிவிட்டேன், படம் அனுப்புகிறேன்" என்றார். நான் அதைக் கேட்க வாயைக்கூடத் திறக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் படம் வந்தது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் ஆறு புத்தம்புதுச் சிப்கள் வரிசையாக இருந்தன. நாம் கேட்க நினைத்த கேள்விக்கு எதிராளி தானாகவே பதில் சொல்லிவிட்டால், அதற்கு மேல் துருவுவது அவரை அவமதிப்பது போல் ஆகிவிடுகிறது. நம் தொழிலில் அந்தக் கூச்சம் அதிகம். எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன், தம்பி.

நாற்பதாயிரம் முன்பணம் அனுப்பினேன். மீதி ஒரு லட்சத்தையும் அனுப்பினால்தான் ஆம்னி பஸ் பார்சலில் ஏற்றுவேன் என்றார். அனுப்பினேன். பார்சல் இரண்டு நாள் தாமதமாகி, ரெக்கார்டிங் அன்று காலையில்தான் சென்னைக்கு வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க நேரமில்லை. பஸ் ஆபீஸிலிருந்து நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன். வேலைக்குக் கொண்டுபோகும் வாத்தியத்தை வீட்டில் ஒரு மணி நேரமாவது வாசித்துப் பார்க்காமல் எடுத்துப்போவது முட்டாள்தனம் என்று சின்னப் பையன்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

பாட்டில் பல்லவிக்குக் கீழே நீளமாகப் பிடிக்க வேண்டிய ஐந்து சுரக் கார்டுகள் (chord, ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கொத்து). எஃப் மைனர் நைன்த்தில் தொடக்கம். முதல் டேக்கில் ஏதோ மெலிந்து கேட்டது. இரண்டாவது டேக்கில் அதே கார்டு வேறு மாதிரி ஒலித்தது. மூன்றாவதில் மைனரின் சோகமே காணாமல் போய், மேஜரா மைனரா என்று தெரியாத ஒரு வெற்று ஒலி. கார்டை மைனராக்கும் சுரமான சாதாரண காந்தாரம் விழுந்துவிட்டது. அடுத்த சுற்றில் காந்தாரம் திரும்பி வந்தது, பஞ்சமம் போனது. அதற்கடுத்த சுற்றில் எல்லாச் சுரங்களும் இருந்தன, ஆனால் ஒன்றின் வாலில் அப்பளம் பொரிவது போல ஒரு சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்பேக்கில் இசையமைப்பாளர் கேட்டார்: "தம்பி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு கார்டா வாசிக்கிறீர்கள்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையான சந்தேகத்தில் கேட்டார். பதினெட்டு வருடத்தில் எனக்குக் கார்டு தெரியுமா என்று யாரும் சந்தேகப்பட்டதில்லை.

கார்டை விட்டுவிட்டு, அடுத்தடுத்த கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மூன்று ஒலித்தன. நான்காவது ஊமை. ஐந்தாவது ஒலித்தது. ஆறாவதில் கரகரப்பு. மறுபடியும் மூன்று, ஒரு ஊமை. பல் உடைந்த சீப்பில் தலை வாருவது போல் இருந்தது. ஜூனோவில் பாலி 1, பாலி 2 என்று இரண்டு பொத்தான்கள் உண்டு. பாலி 1இல் ஒவ்வொரு புதுச் சுரமும் அடுத்தடுத்த வாய்ஸுக்குச் சுற்றிக்கொண்டே போகும். ஆறில் இரண்டு பழுதென்றால், ஐந்து சுரம் பிடிக்கும்போது அதில் ஒன்றாவது பழுதில் விழுந்தே தீரும், எது விழும் என்பது முறைக்கு முறை மாறும். கார்டு மாறியதற்குக் காரணம் அதுதான். இதை டாக்பேக்கில் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? சவுண்ட் இன்ஜினியர் இரண்டு நிமிடத்தில் ஒரு மென்பொருள் ஜூனோவைத் திறந்தார். ஸ்டூடியோவிலிருந்த சாதாரணக் கட்டைப் பலகையில் வாசித்து முடித்தேன். "நன்றாக இருக்கிறதே" என்றார் இசையமைப்பாளர். அன்று என்னை அதிகம் குத்திய சொல் அதுதான். அடுத்த கால்ஷீட்டுக்கு அவர் வேறு ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

அன்றிரவு பெட்டியைத் திறந்தேன். புதுச் சிப் ஒன்றுகூட இல்லை. அதே நாற்பது வருடக் கருப்புப் பிசினோடு ஆறும் அப்படியே உட்கார்ந்திருந்தன. எனக்கு வந்த படம் யாரோ ஒருவருடைய வாத்தியத்தின் படம். அதைவிடக் கவனிக்க வேண்டியது நான்காவது சிப். அதன் பூச்சை ஒரு மூலையில் யாரோ சுரண்டியிருந்தார்கள். கால்களில் புதிதாக ஈயம் வைத்துப் பற்றவைத்த தடம், சுற்றிலும் பழுப்பாக ஃபிளக்ஸ் கறை. பழுதான சிப்பைக் கழற்றி, அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் பல சமயம் உயிர் வரும். விற்றவர் அதை முயன்று, பாதியில் விட்டிருக்கிறார். ஆக, எந்த வாய்ஸ் செத்தது என்பது அவருக்கு எண் உட்படத் தெரியும்.

பிறகு அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். இந்த முறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். பாலி 2 பொத்தானின் சிவப்பு விளக்கு முதல் நொடியிலிருந்து கடைசி வரை எரிகிறது. பாலி 2இல் வாய்ஸ்கள் சுற்றுவதில்லை. மூன்று சுரம் வாசித்தால் முதல் மூன்று வாய்ஸ்களே திரும்பத் திரும்ப வேலை செய்யும். ஒன்பது நிமிடத்தில் ஒரு தடவைகூட நான்காவது விரல் கட்டையில் படவில்லை. இடையில் ஒரு இடத்தில் இடது கையைக் கொண்டுவந்து ஒரு பாஸ் சுரம் வைக்கிறார். அதற்கு முன் வலது கையிலிருந்து ஒரு விரலை எடுத்துவிடுகிறார்! நல்ல வாசிப்புக்காரர், ஐயமில்லை. போதாததற்கு, ஒலியை அகலமாகக் காட்டும் கோரஸ் என்ற எஃபெக்ட் முழு வீடியோவிலும் போட்டே இருக்கிறது. அந்தக் கோரஸின் இரைச்சலில் சின்னக் கரகரப்பெல்லாம் அமுங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பெட்டியின் பின்னால் மின்னழுத்தம் எழுதியிருக்கும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உரித்தால் 100 வோல்ட், ஜப்பான் உள்நாட்டு மாடல். கூட அவர் அனுப்பிய ஸ்டெப்டவுன் பெட்டியோ 230ஐ 110 ஆக்குவது. நம் வீட்டு மின்சாரம் 240ஐத் தொடும் நேரங்களில் அது 115 வரை போகும். உடனே வெடிக்காது, உள்ளே சூடேறிக்கொண்டே இருக்கும். பழைய சிப்களுக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது. 100 வோல்ட்டுக்கென்றே தனியாகச் சுற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்காரர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

விற்றவரைக் கேட்டபோது முதலில் "பார்சலில் ஆடியிருக்கும் அண்ணா" என்றார். பஸ்ஸில் ஆடினால் புதுச் சிப் எப்படிப் பழைய சிப்பாக மாறும் என்று கேட்டேன். "படம் மாறிப் போயிருக்கும்" என்றார். பாலி 2 விளக்கைப் பற்றி எழுதினேன். பார்த்துவிட்டதாக நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. மறுநாள் என் எண் தடுக்கப்பட்டிருந்தது.

காவல் நிலையத்துக்கும் போனேன். அங்கே நடந்த உரையாடல் இவ்வளவுதான். "பொருள் வந்துவிட்டதா?" வந்துவிட்டது சார். "சத்தம் வருகிறதா?" வருகிறது சார். "பிறகு என்ன சார்?" ஆறில் நான்குதான் வருகிறது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

80017ஏவை ரோலண்ட் இப்போது தயாரிப்பதில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிலர் அதற்கு மாற்றுச் சிப் செய்து விற்கிறார்கள். ஆறையும் வரவழைத்து, சுங்கம் கட்டி, மாற்றி முடிக்க 52,000 ரூபாய் ஆனது. இப்போது அருமையாக ஒலிக்கிறது. அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகம். "இரண்டு வாய்ஸ் போய்விட்டது, ஐம்பதாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தால் அப்போதும் வாங்கியிருப்பேன்.

நேரில் போக முடியாமல் வீடியோவில் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றால், அனுப்பிய வீடியோவை ஏற்காதீர்கள், நேரலையில் கேளுங்கள். 'கீ டிரான்ஸ்போஸ்' பொத்தானை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். சோதனை நிலைக்குப் போகும், ஒவ்வொரு கட்டைக்கும் எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்று எண் திரையில் தெரியும். பாலி 1ஐப் போட்டு, கோரஸை அணைத்து, ஒவ்வொரு சுரமாக, ஒன்று முதல் ஆறு வரை நான்கைந்து சுற்று. அரை மணி நேரம் சூடான பிறகு இன்னொரு முறை. உட்புறப் படம் கேட்டால், அன்றைய செய்தித்தாளைப் போர்டுக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், அதே மனிதர் சென்ற வாரம் கோர்க் பாலிசிக்ஸ் என்ற இன்னொரு பழைய சிந்தசைசரை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். அதே மஞ்சள் வெளிச்சம். 1981இல் வந்த வாத்தியம் அது. "தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது, இதுவரை யாரும் திறந்ததே இல்லை" என்று பெருமையாக எழுதியிருக்கிறார். பாலிசிக்ஸுக்கு அது பெருமையே அல்ல. உள்ளே கேஎல்எம்-367 என்ற போர்டில் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று இருக்கிறது. திறந்து மாற்றாமல் விட்டால் அது ஒழுகி, அடியிலுள்ள தாமிரக் கோடுகளைப் பச்சையாக அரித்துத் தின்றுவிடும். மதுரையில் ஒரு தம்பி அதை வாங்க முன்பணம் அனுப்பும் நிலையில் இருந்தார். பேட்டரி இருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். கேட்டு நான்கு நாள் ஆகிறது. நீலக் குறி மட்டும் வந்திருக்கிறதாம்.