மணமுறிவுக்குப் பிறகு குமரியில்: செயலியா, மறுமணப் பதிவா, தேனீப் பெட்டியா?

நாகர்கோவிலை மையமாக வைத்து 50 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், அதில் பாதிக்குக் குறையாத பகுதி கடலில் விழும். மிச்சத்தில் கணிசமான பங்கை மலை எடுத்துக்கொள்ளும். திருவனந்தபுரமும் திருநெல்வேலியும் வட்டத்துக்கு வெளியே நின்றுவிடும். மணமுறிவு பெற்றவர்களுக்கு டேட்டிங் செயலியைப் பரிந்துரைக்கும் வெளியூர் நண்பர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. செயலிகள் தூரத்தை வைத்துத்தான் ஆட்களைக் காட்டுகின்றன. சென்னையில் 10 கிலோமீட்டருக்குள் கிடைக்கிற முகம் தெரியாத கூட்டம் இங்கே கிடைக்காது. கிடைக்கும் சிலரிலும் ஒருவர் அக்காவின் பள்ளித் தோழராகவோ முன்னாள் மாமனார் வீட்டுக்குச் சொக்காரராகவோ இருக்க வாய்ப்புண்டு.

ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் இருப்பவருக்கு நிலைமை வேறு. திருவனந்தபுரம் அவருக்கு எட்டும் தூரம். அங்குள்ள தொழில்நுட்பப் பூங்காவில் பல ஊர்க்காரர்கள் வேலை பார்க்கிறார்கள். மலையாளமும் பேச வருமென்றால் செயலி அவருக்கு உண்மையிலேயே ஒரு வழிதான். குடும்பத்துக்குச் சொல்லாமல், திருமணம் என்ற சொல்லையே எடுக்காமல், ஒருவரோடு இரண்டு மணி நேரம் காப்பிக் கடையில் உட்கார்ந்து பேசிப் பார்க்கும் வசதியை வேறு எந்த வழியும் தராது. முதற்சந்திப்பைப் பொது இடத்தில் வைத்துக்கொள்வதும், பணம் கேட்பவரை அன்றோடு நிறுத்துவதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

மறுமணப் பதிவு இதற்கு நேர் எதிரானது. திருமணத் தகவல் தளங்களில் விவாகரத்தானவர் என்று முதலிலேயே குறிப்பிட்டுவிடுவதால், அதை எப்போது சொல்வது என்ற தவிப்பு இல்லை. வருகிறவரும் திருமண எண்ணத்தோடுதான் வருகிறார். விலையாக, "இன்னொரு எடம் பாப்போம்" என்று தொடங்கும் உறவினர் கூட்டம் மறுபடியும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. முதல் திருமணத்தைப் பேசி முடித்தவர்களே இரண்டாவதையும் பேச உட்காருகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பான விஷயம்.

இந்த வழியில் சட்டச் சிக்கல்களும் உண்டு. விவாகரத்தை மற்றவர் எதிர்த்து நடந்த வழக்கென்றால், மேல்முறையீட்டுக் காலம் முடிவதற்குள் மறுமணம் செய்துகொள்ளக் கூடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் 46 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவர்கள். அவர்களுள் கத்தோலிக்கருக்கு நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் போதாது. முந்தைய திருமணம் செல்லாது என்று திருச்சபைத் தீர்ப்பாயம் அறிவித்தாலன்றி, முன்னாள் துணை உயிரோடு இருக்கும்வரை, கோவிலில் மறுமணம் நடக்காது. கோட்டாறு மறைமாவட்டமானாலும் குழித்துறை மறைமாவட்டமானாலும் விதி ஒன்றே. இதை விசாரிக்காமல் இரு வீட்டாரும் பேசி முடித்துவிட்டுப் பங்குத்தந்தை முன் போய் விழிப்பது தவிர்க்கக் கூடிய அவமானம்.

மூன்றாவது வழியான பொழுதுபோக்கைப் பலர் ஆறுதல் பரிசு போலக் கருதுகிறார்கள். நான் அதைத்தான் முதலில் வைப்பேன். இங்கே ஒருவர் எதிர்கொள்ளும் பெரிய சுமை தனிமையைவிட, "எதுக்குப் பிரிஞ்சிய?" என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு இடமில்லாத கூட்டம் ஒன்று அவருக்குத் தேவை. தேனீ வளர்ப்பு அப்படிப்பட்டது. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் ஆண்டின் தொடக்க மாதங்களில், இளந்துளிரின் காம்பில் சுரக்கும் தேனைத் தேனீக்கள் சேர்க்கின்றன. மழை மாதங்களில் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். பெட்டியின் காலடியில் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும். ராணி முட்டையிடுகிறதா என்று அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். மார்த்தாண்டம் வட்டாரத்தில் இதைத் தலைமுறைகளாகச் செய்துவருபவர்கள் இருப்பதால் சந்தேகம் கேட்க ஆளுண்டு. அவர்கள் கேட்பதும் ராணியைப் பற்றித்தான்.

பறவை நோக்குதல் இன்னும் எளிது. சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் இரண்டும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. வலசைப் பறவைகள் வரும் குளிர்கால மாதங்களில் ஓர் இருநோக்கி போதும். எனினும் விடியற்காலையில் குளக்கரையில் தனியாக நிற்கும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருப்பதால், குழுவோடு போவது நல்லது. குழந்தை வாரக் கடைசியில் மட்டும் வந்துபோகும் தந்தைக்கும் தாய்க்கும் இது தேனீயைவிடப் பொருத்தம், ஏனென்றால் குழந்தையையும் அழைத்துப் போகலாம்.

பொழுதுபோக்கு துணையைத் தேடித் தராது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. துணை கிடைக்கும் என்ற எண்ணத்தில் குழுவில் சேர்பவரை மற்றவர்கள் விரைவிலேயே கண்டுகொள்வார்கள். ஆகவே துணை வேண்டுமென்று உறுதியாகத் தெரிந்தவர் நாகர்கோவிலில் இருந்தால், ஓராண்டு பொறுத்துப் பதிவு செய்யட்டும். மார்த்தாண்டத்துக்காரர் செயலியை அதற்கு முன்பே திறந்து பார்க்கலாம். கத்தோலிக்கர் எந்த ஊரில் இருந்தாலும், தீர்ப்பாயத்தில் மனுவை முதலில் கொடுத்துவிட்டு, அது நடக்கும் காலத்தில் தோட்டத்தில் இரண்டு பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கத் தொடங்கலாம்.