கணப்பு ஓரத்துக்கு எந்தத் தடித்த நாவல்?

ஸ்காட்லாந்திலும் ஸ்வீடனிலும் டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். கணப்பு மூட்டி இரண்டு மணி நேரம், மணிக்கு 30 பக்கம் படித்தால் 1,200 பக்க நாவல் 20 நாளில் முடிந்துவிடும். பருமனுக்குப் பயப்பட வேண்டாம். அத்தியாயம் எவ்வளவு நீளம், கதை எங்கே தொய்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலில் 361 அத்தியாயங்கள். சராசரியாக மூன்றரைப் பக்கம்தான். ஒரு விறகுக் கட்டை எரிந்து தணிவதற்குள் ஐந்தாறு ஓடிவிடும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனால் முதல் நூறு பக்கத்தில் பெயர்கள் குழப்பும். பியேர், பியோத்தர் கிரீலொவிச், கவுண்ட் பெசூகொவ் மூவரும் ஒரே ஆள். பெசூகொவ், ரொஸ்தோவ், பல்கோன்ஸ்கி, குராகின் என்று நான்கு குடும்பங்களை ஓர் அட்டையில் எழுதி, புதுப் பெயர் வர வர அதனடியில் சேர்த்துக்கொண்டே போங்கள். பக்க அடையாளமாகவும் அந்த அட்டையே உதவும்.

பனிக்காலத்துக்கென்றே ஓர் இடம் உண்டு. கிறிஸ்துமஸ் நாட்களில் ரொஸ்தோவ் வீட்டுப் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு நிலா வெளிச்சத்தில் பனிவண்டியில் போகிறார்கள். சோன்யா தக்கைக் கரியால் மீசை வரைந்திருக்கிறாள்; நிக்கொலாய் அந்த முகத்தைப் புதிதாகப் பார்க்கிறான். அந்தப் பக்கங்களில் குளிர் நம் விரலில் ஏறும். கதை முதல் பின்னுரையோடு முடிகிறது. இரண்டாம் பின்னுரையின் 12 அத்தியாயங்களும் வரலாறு பற்றிய கட்டுரை; அதை விட்டாலும் கதை குறையாது.

சுத்தானந்த பாரதியார் 'ஏழைபடும் பாடு' என்று தமிழில் தந்த விக்டர் ஹ்யூகோவின் நாவல் (1862) 365 அத்தியாயம். முதல் 14 முழுக்க பிஷப்பின் கதை; நாயகன் ழான் வல்ழான் அதற்குப் பிறகுதான் வருகிறார். வாட்டர்லூ போர் 19 அத்தியாயம் நீள்கிறது. முதல் பதினெட்டை வேகமாகப் புரட்டலாம், பத்தொன்பதாவதைத் தாண்டக் கூடாது. பிணங்களைத் துழாவும் தெனார்தியே அங்கே ஓர் அதிகாரியின் உயிரைக் காப்பாற்றிவிடுகிறான். அந்த அதிகாரியின் மகன்தான் பின்னால் வரும் மாரியுஸ்.

அலெக்ஸாந்தர் துமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' 1844 முதல் 1846 வரை தொடராக வந்தது. 117 அத்தியாயம், ஒவ்வொன்றும் சுமார் பத்துப் பக்கம், அடுத்ததற்குக் கொக்கி போட்டே முடியும். நாயகன் இஃப் கோட்டைச் சிறையிலிருந்து தப்பும்வரை நெருப்புக்கு விறகு போட எழவே மனம் வராது. 31ஆம் அத்தியாயத்துக்குப் பின் ரோமில் புது ஆட்கள் வந்து கதை தளரும். பொறுத்துக்கொள்ளுங்கள், அவர்களில் ஒருவனான ஆல்பெர்ட் கொள்ளையரிடம் சிக்கி மீள்வதால்தான் பிரபுவாக மாறிய நாயகனுக்குப் பாரிஸ் வீடுகளில் வாசல் திறக்கிறது.

தடித்த நாவல் இதுவரை படிக்காதவர் துமாவில் தொடங்கலாம். ஒரே ஒரு குளிர்காலம்தான் கிடைக்கும் என்றால் டால்ஸ்டாய். துமாவை வாங்கும்போது பொருளடக்கத்தை எண்ணிப் பாருங்கள்: 117க்கு வெகுவாகக் குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு, அந்த ரோம் பகுதியும் வெட்டுப்பட்டிருக்கலாம்.