டாரட் பழக எந்தச் சீட்டுக்கட்டு? மார்செய், ரைடர்-வெய்ட், தோத்

குறி சொல்லப் பயன்படும் படச் சீட்டுகளான டாரட்டை வாசிக்கக் கற்றுக்கொள்ள விரும்புபவர்கள் பெரும்பாலும் 78 சீட்டுகளின் பொருளையும் எப்படி மனப்பாடம் செய்வது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்தக் கட்டில் பழகுவது என்பதை அதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். ஏனெனில் எவ்வளவு மனப்பாடம் தேவைப்படும் என்பது கட்டைப் பொறுத்தே அமைகிறது. கடையில் காணும் கட்டுகள் எத்தனை வகையாக இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை மார்செய், ரைடர்-வெய்ட், தோத் என்ற மூன்று மரபுகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றன.

மூன்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. மேஜர் அர்கானா எனப்படும் முதன்மைப் பகுதியில் 22 சீட்டுகள். மைனர் அர்கானா எனப்படும் துணைப் பகுதியில் கோல், கோப்பை, வாள், நாணயம் என நான்கு பிரிவுகளுக்குப் பதினான்கு வீதம் 56 சீட்டுகள். இந்த 56-இல் ராஜா, ராணி போன்ற அரசவைச் சீட்டுகள் பதினாறையும் கழித்தால் எஞ்சுபவை 40 எண் சீட்டுகள். கட்டில் பாதிக்கு மேல் இவைதாம். புதியவர் திணறுவதும் இங்கேதான்.

கோப்பை ஐந்தை எடுத்துக்கொள்வோம். ரைடர்-வெய்ட் கட்டில் கறுப்பு மேலங்கி போர்த்திய ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். அவர் எதிரே மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்க, முதுகுக்குப் பின்னால் இரண்டு கவிழாமல் நிற்கின்றன. மார்செய் கட்டில் மனிதரே இல்லை: மூலைக்கொன்றாக நான்கு கோப்பைகள், நடுவில் ஒன்று, சுற்றிலும் பூவும் இலையும். தோத் கட்டில் வெறுமையான ஐந்து கோப்பைகள் தலைகீழ் ஐந்துமுனை நட்சத்திரமாக அமைந்திருக்க, கீழே ‘ஏமாற்றம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அச்சிடப்பட்டிருக்கிறது. முதலாவது கதை சொல்கிறது, இரண்டாவது கணக்குப் போடச் சொல்கிறது, மூன்றாவது விடையையே எழுதிக் கொடுத்துவிடுகிறது.

மார்செய் கணக்குப் போடச் சொல்வதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. டாரட் 15-ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் சீட்டு விளையாட்டாகத்தான் தோன்றியது. அதை எகிப்தியரின் மறைஞானமாகக் கருதும் வழக்கத்துக்கு 1781-இல் பிரான்சில் கூர் த ஜெப்லென் எழுதிய கட்டுரையே வலுவூட்டியது. விளையாடுவதற்குச் செய்த சீட்டில் எண்ணும் சின்னமும் இருந்தாலே போதுமல்லவா? இதனால் மார்செய் வறண்டது என்று ஒதுக்குபவர்கள் ஒரு வசதியைக் கவனிப்பதில்லை. ஐந்து என்றால் குலைவு, கோப்பை என்றால் உணர்வு என்பதுபோல் பத்து எண்களுக்கும் நான்கு பிரிவுகளுக்கும் பொருள் வகுத்துக்கொண்டால், பதினான்கு செய்திகளைக் கொண்டு நாற்பது சீட்டுகளையும் வாசித்துவிடலாம். ஆனால் ஒழுங்கை விரும்பும் மனமும் பொறுமையும் வேண்டும். தலைகீழாக விழும் சீட்டுக்குத் தனிப்பொருள் கொள்ள விரும்புபவருக்கும் இது தோதுப்படாது. பல எண் சீட்டுகளில் எது மேல், எது கீழ் என்பதே எளிதில் புலப்படுவதில்லை.

1909-இல் லண்டனில் வெளியான ரைடர்-வெய்ட் கட்டுக்கு ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டம் வகுக்க, பமீலா கோல்மன் ஸ்மித் படம் வரைந்தார். (கட்டின் பெயரில் பதிப்பாளரும் திட்டமிட்டவரும் இருக்கிறார்கள், வரைந்தவர் இல்லை. இன்று பலர் அவர் பெயரையும் சேர்த்தே சொல்வது நியாயமானது.) நாற்பது எண் சீட்டுகளுக்கும் அவர் காட்சிகள் தீட்டியதால், எதையும் மனப்பாடம் செய்யாதவரும் முதல் நாளே ஏதாவது சொல்ல முடிகிறது. ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கறுப்பு மேலங்கியைக் கண்டதும், கேள்வி வேலை மாறுவதைப் பற்றியதாக இருந்தாலும், புதியவர் துக்கம் என்று சொல்லி முடித்துவிடுகிறார். கவிழாத இரண்டு கோப்பைகள் அவர் கண்ணில் படுவதே இல்லை.

தோத் கட்டைத் தொடக்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அலிஸ்டர் குரோலியின் திட்டப்படி ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை தீட்டிய ஓவியங்கள் கண்ணைப் பறிப்பவை; கட்டாக அச்சேறியது 1969-இல்தான். ஆனால் கிரகமும் ராசியும் கபாலா என்ற யூத மறைஞானமும் அவற்றில் பின்னிக் கிடக்கின்றன; அரசவையிலும் ராஜா என்ற பெயரில் சீட்டு இல்லை. பொதுவான கையேட்டை வைத்துக்கொண்டு இதைப் பழகுபவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

ஆகவே பெரும்பாலோருக்கு ரைடர்-வெய்ட்தான் ஏற்றது என்பேன், ஒரு நிபந்தனையுடன்: நாளுக்கு ஒரு சீட்டை எடுத்து, கையேட்டைத் திறக்குமுன் படத்தில் காண்பவற்றை எல்லாம் எழுதிவிட வேண்டும். சில மாதங்கள் கழித்து மார்செய் கட்டையும் அருகில் வைத்துப் பழகினால், படம் சொல்லாமல் விட்டதை எண் சொல்லித்தரும். எதிர்காலத்தைச் சீட்டு சொல்லும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. கூர்ந்து பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு அந்த நம்பிக்கை தேவையும் இல்லை.

புதிதாகக் கண்ணில் படும் கட்டு எந்த மரபைச் சேர்ந்தது என்று தெரியாவிட்டால், மேஜர் அர்கானாவில் எட்டாம் எண்ணைப் பாருங்கள். சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கும் பெண் அங்கே இருந்தால் பெரும்பாலும் ரைடர்-வெய்ட் வழி. தராசும் வாளும் இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. அந்த இரண்டில் எது என்பதைக் கோப்பை ஐந்தின் அடியில் சொல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே அறிந்துகொள்ளலாம்.