வயதான கண்ணும் பழைய ரிவால்வரும்: குறி பார்க்க எது உதவும்?

என் ரிவால்வருக்கு வயது 27, எனக்கு 61. ரிவால்வரில் ஒரு குறையும் இல்லை, கண்தான் மக்கர் பண்ணுகிறது.

பட்டாளத்தில் இருந்து வந்த பிறகு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தனியாக இருக்க வேண்டியிருந்தது. அதற்காக லைசென்ஸ் எடுத்து வாங்கியது, கான்பூர் தொழிற்சாலைத் தயாரிப்பான .32. குழல் 3 அங்குலம். முன்னால் ஒரு கறுப்புத் தகடு, அதுதான் ஃபோர்சைட். பின்னால் ஒரு சின்னப் பள்ளம், அது பேக்சைட். இடம் வலம் நகர்த்தத் திருகு எதுவும் கிடையாது. வாங்கிய காலத்தில் அந்தக் கறுப்புத் தகடு கத்தி முனை போல் தெரியும். இப்போது பனியில் நிற்கும் மின்கம்பம் மாதிரி இருக்கிறது.

நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைக்கத் தொடங்கும், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாறி மாறி வளையாது. குறி பார்க்கும்போது பேக்சைட், ஃபோர்சைட், டார்கெட் மூன்றும் மூன்று தூரத்தில் நிற்கின்றன. தெளிவாகத் தெரிய வேண்டியது ஃபோர்சைட். என் ரிவால்வரில் இரண்டு சைட்டுக்கும் இடைவெளி சுமார் 12 சென்டிமீட்டர். இரண்டையும் நேர்படுத்துவதில் 1 மில்லிமீட்டர் பிசகினால் 10 மீட்டரில் 8 சென்டிமீட்டர் தள்ளிப் போகும்.

என்ன செய்யலாம் என்று தேடினால் எல்லோரும் முதலில் காட்டுவது ரெட் டாட். கண்ணாடித் துண்டில் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். அது தூரத்தில் இருப்பது போலவே கண்ணுக்குத் தெரிவதால், டார்கெட்டைப் பார்த்தால் போதும், கிட்டப் பார்வை வேண்டியதே இல்லை. வயதான கண்ணுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் ரிவால்வரில் அதை எங்கே உட்கார வைப்பது? பிஸ்டலில் இருப்பது போல் மேலே நகரும் ஸ்லைடும் இல்லை, மாட்டி வைக்கும் தண்டவாளம் போன்ற ரெயிலும் இல்லை. அடுத்து, கண்ணில் சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு சீராக இல்லாத குறை) உள்ளவர்களுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாது, வால் முளைத்தோ நட்சத்திரமாகச் சிதறியோ தெரியும். எனக்குத் தெருவிளக்கே அப்படித்தான் தெரிகிறது. பேட்டரி இன்னொரு தொல்லை. தேர்தல் வந்தால் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறோம், திரும்பி வர மாதக்கணக்கில் ஆகிறது. அதுவரை பேட்டரி உள்ளேயே கிடந்து என்ன ஆகும் என்று யோசியுங்கள். புதிதாக வாங்குபவர், ரெட் டாட் பொருத்த இடமுள்ள பிஸ்டலாகப் பார்த்து வாங்கட்டும். பழையதை அறுத்துச் செதுக்கிப் பொருத்துவது வீண் வேலை.

அடுத்தது டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு வைத்த சைட். இருட்டில் தானாக ஒளிரும், பேட்டரி வேண்டாம். ஆனால் 12 வருடம் சொச்சத்தில் ஒளி பாதியாகிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், தகடு மங்கலாகத் தெரியும் கண்ணுக்கு ஒளிரும் புள்ளியும் மங்கலாகத்தான் தெரியும். லேசரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர் வெயிலில் அந்தப் புள்ளியைத் தேடிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

ஃபைபர் ஆப்டிக் விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டேன். நிறமுள்ள மெல்லிய இழை, வெளிச்சத்தை வாங்கி நுனியில் பளிச்சென்று காட்டும். ஆன்லைனில் ஒட்டும் வகை ஒன்று வாங்கி ஃபோர்சைட்டின் மேல் ஒட்டினேன். சுடும் பயிற்சி இடமான ரேஞ்சில் முதல் இரண்டு ரவுண்டும் டார்கெட் அட்டையின் அடிப்பகுதியில் போய் விழுந்தன. மூன்றாவது ரவுண்டில் இழையே பறந்துவிட்டது. கீழே விழுந்த காரணம் அப்புறம்தான் உறைத்தது. ஃபோர்சைட் உயர்ந்தால் குண்டு கீழே போகும், தேய்த்துக் குறைத்தால் மேலே போகும். பேக்சைட்டை ஏற்றி இறக்க முடியாத துப்பாக்கியில் ஃபோர்சைட்டின் உயரத்தில் கை வைக்கவே கூடாது. பேக்சைட்டின் பள்ளத்தை இருபுறமும் சமமாக அகலப்படுத்தினால் தகட்டைச் சுற்றி வெளிச்சம் கூடும், பழைய கண்ணுக்கு அது நல்லதுதான். ஆனால் அது லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுக்காரர் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் அரத்தை எடுக்காதீர்கள்.

மிச்சம் இருந்தது இரண்டு, பெயின்டும் மூக்குக் கண்ணாடியும்.

பெயின்ட் என்றால் நெயில் பாலிஷ். தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கி, முதலில் வெள்ளை, அது காய்ந்ததும் மேல் பாதியில் மட்டும் நிறம். பேக்சைட் கறுப்பாகவே இருக்கட்டும். முதலில் சிவப்பு அடித்தேன், பகலில் பிரமாதம். ஒரு நாள் மயங்குகிற நேரத்தில் பார்த்தால் நிறத்தையே காணோம். வேலியில் செம்பருத்தியைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் குறையக் குறைய பூ கறுத்துவிடும், இலை இன்னும் வெளிறித் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்கு முதலில் மறைவது சிவப்புதான். சுரண்டிவிட்டு இளம்பச்சை அடித்தேன். துப்பாக்கி துடைக்கும் சில திரவங்களில் இது கரைந்துவிடும், அப்போது மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

இனி கண்ணாடி. ரிவால்வரைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் வீட்டில் மடக்கித் திறந்து ஆறு அறையும் காலி என்று மச்சானிடமும் காட்டிவிட்டு, இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தேன். மச்சான் என் கண்ணோரத்தில் இருந்து ஃபோர்சைட் வரை சணல் நூல் பிடித்து முடிச்சுப் போட்டார். 68 சென்டிமீட்டர். 100-ஐ 68-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.5, தூரப் பார்வைக்குப் பவர் தேவையில்லாத எனக்கு அதுதான் கணக்கு. நான் படிக்கப் போடும் 2.25 சுமார் 44 சென்டிமீட்டருக்கானது, அதைப் போட்டுக் குறி பார்த்தால் எப்படித் தெரியும்? பைஃபோக்கல் என்றால், படிக்கிற பவர் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கும், தண்ணீர் குடிக்கிற கோழி மாதிரி தலையைத் தூக்க வேண்டும்.

நாகர்கோவிலில் மணிமேடைப் பக்கம் ஒரு கடையில் நூலைக் காட்டினேன். கடைப் பையன் சிரிக்காமல் சோதனை ஃபிரேமை மாட்டிவிட்டான். முடிச்சு இருந்த இடத்தில் மச்சான் ஒரு விசிட்டிங் கார்டை விளிம்பு தெரியப் பிடித்தார், தூரத்தில் சுவரில் தேதிக் காலண்டர். 1.5 போட்டால் கார்டின் விளிம்பு கூர்மையாக இருந்தது, காலண்டர் கஞ்சியாகிவிட்டது. 1-இல் தேதி நன்றாக இருந்தது, விளிம்பு இரட்டையாகத் தெரிந்தது. 1.25-இல் விளிம்பு நின்றது, தேதியும் கறுப்புக் கட்டையாகவாவது தெரிந்தது. வலது கண்ணுக்கு 1.25, இடது கண்ணுக்குத் தூரம் பார்க்கப் பவர் இல்லாத வெறும் கண்ணாடி என்று செய்யச் சொல்லிவிட்டேன். குறி பார்க்கும் கண் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், எல்லோருக்கும் அது வலது கண்ணாக இருக்காது.

ரேஞ்சில் போட்டிக்குப் போகிறவர்களுக்கும் கண்ணாடிதான் வழி. சர்வதேச விதிப்படி பிஸ்டல் போட்டிகளில் ரெட் டாட்டும் கூடாது, ஃபைபரும் கூடாது, பளபளக்கும் நிறமும் கூடாது. கண்ணில் பவர் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். கண்ணாடியில் கறுப்பு டேப் ஒட்டி ஒன்றரை மில்லிமீட்டர் துளை போட்டால் கிட்டமும் தூரமும் சேர்ந்தே தெளியும், ஆனால் வெளிச்சம் போய்விடும். வீட்டில் குண்டு போடாமல் செய்யும் வெறும் பயிற்சிக்கு அது போதும். கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை முடிவு செய்யும் முன் இந்த விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

நான் இப்போது வைத்திருப்பது பெயின்ட், கண்ணாடி இரண்டும் சேர்ந்ததுதான். ராத்திரி அவசரத்தில் யாரும் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள், அப்போது அந்தப் பச்சைப் பொட்டுதான் கை கொடுக்கும். நிதானமாகச் சுடும்போது கண்ணாடி. ஆனால் ஒரு கண்ணுக்கு ஒன்றேகால், ஒரு கண்ணுக்குத் தூரம் என்பதால் அதோடு நடந்தால் தரை முன்னும் பின்னும் போகும். தோட்டத்துச் சரிவில் இறங்கும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன்.