ஹெவி மெட்டல் டெஸ்ட்: யூரினா, பிளட்டா, எதுக்கு எது எடுக்கணும்?

பழைய பேட்டரி உருக்குற பட்டறையில என் மச்சானுக்கு வேலை. வயித்து வலி, அசதின்னு போனப்ப ஒரு இடத்துல கேப்ஸ்யூல் ஒண்ணைக் குடுத்து முழுங்கச் சொல்லிட்டு ஆறு மணி நேர யூரினைப் பிடிச்சுட்டு வாங்கன்னாங்க, ரிப்போர்ட்ல ஈயம், பாதரசம், ஆர்சனிக் எல்லாத்துக்கும் நேரா சிவப்புக் கோடு, அக்கா அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு.

அந்த கேப்ஸ்யூல் டிஎம்எஸ்ஏ. உடம்புல இருக்குற உலோகத்தை இழுத்து யூரின்ல தள்றதுதான் அதோட வேலையே, யார் போட்டாலும் அளவு ஏறும். ஆனா ரிப்போர்ட்ல பக்கத்துல அச்சடிச்சிருக்குற நார்மல் அளவு மருந்து சாப்பிடாதவங்களோடது, இதையும் அதையும் வச்சு எப்படிங்க ஒப்பிடுறது? இந்த டெஸ்ட்டை நம்ப ஆதாரம் இல்லைன்னு அமெரிக்க நச்சு மருத்துவர்கள் அமைப்பு 2010லயே சொல்லிருச்சு. தயவுசெஞ்சு மருந்து குடுத்து எடுக்குற டெஸ்ட்டுக்கு ஒத்துக்காதீங்க.

ஈயத்துக்கு பிளட்தான், யூரின் வேண்டாம். அதுவும் கை நரம்புல எடுக்கச் சொல்லுங்க, பட்டறை வேலைக்காரங்க விரல் நுனியில ஒட்டியிருக்குற ஈயத்தூளே அளவை ஏத்திக் காட்டிரும்.

ஆர்சனிக்குன்னா தலைகீழ், ரத்தத்துல சில மணி நேரத்துல காணாமப் போயிரும், யூரின்ல ரெண்டு மூணு நாள் தெரியும். ஆனா இறால், மீன் சாப்பிட்டாலும் அளவு எகிறும், அதுல இருக்குற ஆர்சனிக் பெரும்பாலும் கெடுதல் இல்லாத வகை. அதனால நாலஞ்சு நாள் கடல் உணவை நிறுத்திட்டுப் போங்க, அப்பவும் கூடுதலா வந்தா எந்த வகைன்னு பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க.

பாதரசம்தான் ரெண்டுங்கெட்டான். 2001ல மூடுன கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி மாதிரி ஆவியா மூச்சுல போனா யூரின். ஜப்பான்ல மினமாட்டாங்கற ஊர்ல நடந்த மாதிரி மீன் வழியா போனா பிளட், இல்ல தலைமுடி. காட்மியம் கிட்னியில வருஷக்கணக்கா சேர்றதுக்கு யூரின், இப்போதைக்கு உள்ள போனதைப் பாக்க பிளட்.

24 மணி நேர கேனா, ஒரு தடவை யூரினாங்கறதுல, கேன் துல்லியம்தான், காலையில முதல் யூரினைக் கொட்டிட்டு மறுநாள் காலை வரைக்கும் சொட்டு விடாமப் பிடிச்சா. வேலைக்குப் போற ஆளு கேனைத் தூக்கிட்டு அலைய முடியுமா, ஒரு தடவை விட்டாலும் கணக்கு தப்பு. யூரின்ல எப்பவும் வெளியேறுற கிரியேட்டினின்ங்கற கழிவோட அளவையும் சேர்த்துப் பாத்தா ஒரு தடவை யூரினே பல நேரம் போதும்.

மச்சானுக்கு அப்புறம் நரம்புல பிளட் எடுத்தோம், ஈயம் டெசிலிட்டருக்கு 48 மைக்ரோகிராம். மருந்தில்லாம எடுத்த யூரின்ல பாதரசமும் ஆர்சனிக்கும் நார்மல். டாக்டர் அன்னைக்கே உருக்குற வேலையிலிருந்து அவரை மாத்தச் சொல்லி லெட்டர் குடுத்தாரு.